கருங்கல் கோயிலில் ஓர் ஏடு தொடக்கம்

விஜயதசமி அன்று காலை ஐந்தரைக்கே கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறிவிட்டோம். தங்கச்சி, அவளுடைய மகன், நான். சின்னவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. தைப்பூசத்துக்கே முதல் எழுத்து எழுதுவித்து ஏடு தொடக்கியிருக்கலாம், ஆனால் அப்போது அவனுக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் பக்கத்திலும் நல்ல கோயில்கள் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் வீட்டில் ஏடு என்றால் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில்தான். எனக்கும் தங்கச்சிக்கும் அம்மா அங்கேதான் தொடக்கி வைத்தார். அன்று பொது விடுமுறை இல்லை என்பதால் பாடசாலையில் அரைநாள் லீவு சொல்லியிருந்தேன்.

புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். அந்தோனியார் கோயிலைத் தாண்டும்போது தங்கச்சி கைகூப்பினாள். அம்மா இருந்தவரை இந்தப் பாதையில் வந்தால் அதைச் செய்யாமல் போனதில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு கூப்பிய கையை இறக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே கொழும்பு புழுங்கத் தொடங்கிவிடும். கோயிலுக்குள் கால் வைத்ததும் கருங்கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. வரிசை வரிசையாகக் கல்தூண்கள், அவற்றுக்கு நடுவே அரை இருட்டு, எண்ணெய் மணம். கண் அந்த இருட்டுக்குப் பழகும்வரை நின்றுதான் உள்ளே போக வேண்டும். அப்படி நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே முதலில் கோயில் கட்டியவர் பொன்னம்பல முதலியார். அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை அதைக் கருங்கல் கோயிலாக எழுப்பினார். அடுத்த வருடமே, 1913ல், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். 1921ல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. அந்த வளவில்தான் இன்றைக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது, உள்ளே பரமேஸ்வரன் கோயிலோடு.

அம்மா இராமநாதன் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். அதனால் இந்த வருடங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கொச்சிக்கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு தூணைத் தொட்டு, "இந்தக் கல்லை வைப்பிச்சவர்தான் பிள்ளை, எனக்குப் பள்ளிக்கூடமும் கட்டித் தந்தவர்" என்பார். கோயிலை முடித்த கையோடு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும் என்று ஒருவருக்கு ஏன் தோன்றியது? இரண்டும் ஒரே திருப்பணி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

எனக்கு அது புரிந்தது உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வாரத்தில். மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போகக் கொழும்பு மாவட்டத்துக்கு வைத்த வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. வேறு மாவட்டமாக இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். நாலு நாள் அறையை விட்டு நான் வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா ஒன்றும் பேசாமல் இங்கே கூட்டிவந்தார். பூசை முடியும் நேரம், பஞ்சபுராணம் ஓத யாராவது வாருங்கள் என்று ஐயர் கேட்டார். அம்மா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளிவிட்டார்.

தேவாரத்தின் முதல் அடியிலேயே குரல் உடைந்தது. நிறுத்த முடியாது, சுவாமிக்கு முன்னால் நிற்கிறேன். திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். கடைசியில் கந்தபுராண வாழ்த்து. மழை தவறாமல் பெய்ய வேண்டும், உயிர்கள் எல்லாம் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று கேட்கிற பாட்டு அது. என் புள்ளிக்காக அழ வந்தவள், கைகூப்பி ஊருக்கெல்லாம் மழை கேட்டுக்கொண்டு நின்றேன். சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டுத்தான். அன்றைக்குத்தான் அதில் என்ன கேட்கிறோம் என்பது காதில் விழுந்தது.

அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் படித்தேன். ஆறு வருடம் எடுத்தது. அந்த ஆறு வருடமும் இரவு படுக்கப் போகுமுன் அம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "இண்டைக்கு என்ன புதுசாப் படிச்சனி?" பதிலைக் கொப்பியில் ஒரு வரியாக எழுதிவிட்டுத்தான் படுப்பேன். பாடத்தில் இருந்துதான் என்றில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்ட ஒரு சிங்களச் சொல், கடலரிப்பைத் தடுக்க ரயில் பாதையோரம் கல் போடுகிறார்கள் என்பது, எதுவானாலும் சரி. சோர்ந்துபோய் வந்த நாளிலும் அந்த ஒரு வரிக்கு ஏதாவது இருக்கும். அதைத் தேடும்போதே நாள் அவ்வளவு மோசமில்லை என்று தெரியவரும். கேட்க அம்மா இல்லை, ஆனால் இன்றும் எழுதுகிறேன்.

சரி, ஏட்டுக்கு வருகிறேன். அர்ச்சனை முடித்து, தென்முகக் கடவுளை வணங்கி, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாம்பாளம் நிறையப் பச்சையரிசி. கல்லால மரத்தடியில் வாய் திறவாமல் நாலு முனிவருக்குப் பாடம் சொன்ன குரு அந்தத் தென்முகக் கடவுள், தட்சிணாமூர்த்தி. ஆசிரியையாக இருக்கிற எனக்கு அந்தச் சந்நிதியில் எப்போதும் ஒரு பயம் உண்டு. நான் வகுப்பில் பேசுகிற பேச்சுக்கு அளவில்லை.

அவன் சுட்டுவிரலைப் பிடித்து ஐயர் 'அ' எழுதுவித்தார். முதலில் விரலை மடக்கி இழுத்தான். அரிசி விலகி அடியில் பித்தளை தெரிந்ததும் அவனுக்கு ஆச்சரியம். கையை விட்ட பிறகும் தானாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். "அம்மா இருந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் பக்கத்துத் தூணை ஒருமுறை தொட்டேன்.

அன்றிரவு கொப்பியில் எழுதிய வரி: மூன்று வயதுப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தால் எழுத்து வராது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அறநெறி வகுப்பு. ஒரு பிள்ளை முதல்முறையாகக் கோயிலில் பஞ்சபுராணம் ஓதப் போகிறாள். திருப்பல்லாண்டில் மூச்சு முட்டுகிறது அவளுக்கு. எந்த இடத்தில் நிறுத்தி மூச்செடுக்கலாம் என்று அவளோடு சேர்ந்து பாடிப் பார்க்க வேண்டும்.