ஆச்சி வளவு வேம்பு

டிசம்பர் 4

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஓர் ஆச்சியின் வளவில் வேம்பு சரிந்திருக்கிறது என்று பால்காரத் தம்பி சொன்னான். சிற்பம் செதுக்க மரம் தேடிக்கொண்டிருந்தேன்; போய்ப் பார்த்தேன். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வேர்கள் பக்கவாட்டில்தான் ஓடியிருக்கின்றன. மழையில் மண் இளக, மதிலை முறித்துக்கொண்டு ஒழுங்கைக்குக் குறுக்கே கிடக்கிறது. மரம் அரியும் மரக்காலைக்காரர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ஷெல் பட்ட மரம், வாள் போய்விடும்" என்று திரும்பிவிட்டாராம். நல்லதாய்ப் போயிற்று.

டிசம்பர் 9

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்ற நான்கு பேர் போதவில்லை. வெட்டுமுகங்களில் பழைய பெயின்ட் பூசிவிட்டேன். அங்கேதான் ஈரம் முதலில் காய்ந்து வெடிக்கும். பலகை காய அங்குலத்துக்கு ஓராண்டு என்பார்கள். இந்தத் தடிப்புக்கு யார் காத்திருப்பது? பச்சையாகவே செதுக்கப் போகிறேன்.

ஜனவரி 17

உளி 'ணங்' என்றது. பட்டை உதடுபோலத் தடித்து மூடியிருந்த இடம். மூன்று விரல் ஆழத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு துருப்பிடித்த துண்டு; அதைச் சுற்றி மரம் மை ஊறியதுபோல் கறுத்திருந்தது. எத்தனை வருடம் என்று வளையங்களை எண்ணப் பார்த்தேன். வேம்பில் அவை தெளிவாக விழுவதில்லை.

ஆச்சிக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் போரில் வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்து கிளம்பியபோது, இவர்களும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அந்தக் காயத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்ததாம்.

பெப்ரவரி 2

ஆச்சிக்குப் பிள்ளையார் வேண்டுமாம். எனக்கு ஆவுரோஞ்சிக்கல் நினைவிலேயே நிற்கிறது. மேய்ச்சல் முடிந்து தண்ணீர் குடிக்க வரும் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள, கேணியடியில் நட்டுவைக்கும் கல். சுமைதாங்கியும் பக்கத்தில் இருக்கும். கல்லில்தான் செய்வார்கள், வேம்பில் செய்தால் உண்ணிக்கும் நல்லதுதானே என்று ஆச்சியிடம் ஒரு போடு போட்டேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

பெப்ரவரி 20

இரும்பை அப்படியே வெளித்தெரிய விடுவதென்று, அதைச் சுற்றி மூன்று நாள் வழவழப்பாக்கினேன். இன்று ஆச்சி வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இது மாட்டைக் கிழிக்காதா, தம்பி?"

சிற்பி என்ற நினைப்பில் மாட்டை மறந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. குறடு போட்டு இழுத்தேன், மரம் விடவில்லை. உச்சிவெயிலில் ஒரு மணிநேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் வந்தது. துண்டை ஆச்சியிடம் கொடுத்தேன். "இதை வைத்து நான் என்ன செய்வது?" என்று திருப்பித் தந்துவிட்டார்.

மார்ச் 14

ஆச்சியின் கிணற்றடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியாயிற்று. அடி மண்ணில் பட்டால் கறையான் வேலையைத் தொடங்கிவிடும்; அதனால் கொங்கிறீட் பீடம், நடுவில் கம்பி. இரண்டு பூச்சு வேப்பெண்ணெய். எதிர்பார்த்தபடி மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. இரண்டு விரல் போகும்.

மாடு இன்னும் வரவில்லை. அயல்வீட்டு ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. இரும்பு இருந்த ஓட்டைக்கு ஒரு குளவி மண் சுமந்துகொண்டிருக்கிறது.