அப்பாவின் போனில் பெயர்கள் குறைகின்றன

மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதிய புத்தகம் 1950இல் வந்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. முதுமை மொத்தத்தையும் எட்டாவது கட்டத்தில் அடக்கிவிட்டார். 1994இல் அவர் இறந்தார். அவருடைய இன்னொரு புத்தகத்தின் விரிவான பதிப்பு 1997இல் வந்தபோது, அதில் மனைவி ஜோன் எரிக்சன் ஒன்பதாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார். தொண்ணூறைத் தாண்டிய பிறகுதான், எண்பதுக்கு மேல் நடப்பது வேறு கதை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உளவியலில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்.

என் அப்பாவுக்கு 79. கொஞ்ச நாளாக, மதியம் சாப்பிட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக நீக்குகிறார். இறந்துபோனவர்களின் பெயர்களை அல்ல, அவற்றைத் தொடுவதில்லை. உயிரோடு, நலமாக இருப்பவர்களைத்தான்.

"இவர் யாருப்பா?"

"ஆபீஸ்ல பக்கத்து செக்‌ஷன். நல்ல மனுஷன்."

"அப்புறம் ஏன் எடுக்கறீங்க?"

"பேசினா அரை மணி நேரம் போயிடும்மா."

அண்ணன் பயந்துவிட்டான். அப்பா ஒதுங்குகிறார், மனச்சோர்வாக இருக்கும், நாலு பேரோடு பழக வைக்க வேண்டும் என்றான். எனக்கு லாரா கார்ஸ்டென்சன் ஞாபகம் வந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இதையே ஆராய்பவர். முன்னால் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் புது மனிதர்களையும் புது விஷயங்களையும் தேடிப் போவார்கள். காலம் குறைவு என்று உணர்பவர்கள் மனசுக்கு நெருங்கியவர்களோடு இருக்கவே விரும்புவார்கள் என்கிறார். இதில் வயதைவிட, மிச்சம் எவ்வளவு என்ற கணக்குதான் முக்கியம். வேறு ஊருக்குத் தனியாகக் குடிபெயரப் போகிறோம் என்று கற்பனை செய்யச் சொன்னபோது, இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய மருத்துவத்தால் இன்னும் இருபது ஆண்டுகள் கூடுதலாக வாழலாம் என்று சொன்னதும் முதியவர்களின் விருப்பம் இளைஞர்களுடையதைப் போல மாறியது.

அப்பா விஷயத்தில் நான் கவனிப்பது ஒன்றுதான். நெருங்கியவர்கள் அப்படியே இருக்கிறார்களா? இருக்கிறார்கள். சித்தப்பாவோடு தினமும் வாக்குவாதம். பேரனின் அழைப்பு வந்தால் டிவி சத்தம் தானாகக் குறைகிறது. அந்தப் பெயர்களும் கழன்று விழுந்தால், பிடித்ததெல்லாம் கசந்தால், நானே டாக்டரிடம் அழைத்துப் போவேன். முதுமை என்றாலே இப்படித்தான் என்று விட்டுவிட மாட்டேன்.

பால் பால்ட்டஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், எந்த வயதிலும் வரவும் உண்டு, இழப்பும் உண்டு என்றார். அவர் விரும்பிச் சொன்ன உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு மூன்று காரணங்கள் சொன்னாராம்: குறைவான உருப்படிகளையே வாசிக்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதிக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன், அப்போது அடுத்து வருவது வேகமாகக் கேட்கும். கடைசிக் காரணம் கொஞ்சம் குறும்புத்தனம், அதனாலேயே பிடிக்கிறது.

மூளையும் ஒரே சீராக இறங்குவதில்லை. புதுப் புதிரை வேகமாக விடுவிக்கும் திறன் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் பொது அறிவும் வெகுகாலம் தாங்குகின்றன. குறுக்கெழுத்தில் அப்பாவை இன்னும் என்னால் ஜெயிக்க முடியவில்லை.

ஆனால் நம் வீட்டில் எல்லோரும் அப்பாவின் மாற்றத்தை மட்டும்தான் பேசுகிறோம். 2013இல் கோய்ட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டார்கள். கடந்த பத்து ஆண்டுகளில் நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாற மாட்டேன் என்பதே எல்லா வயதிலும் வந்த பதில். இன்றைக்குப் பிடித்த இசைக்குழுவைப் பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்க எவ்வளவு தருவீர்கள் என்று சிலரிடம் கேட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் பிடித்திருந்த குழுவை இப்போது கேட்க எவ்வளவு என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். முதல் கேள்விக்கு வந்த தொகை சுமார் 60 சதவீதம் அதிகம். இன்றைய ரசனை மாறாது என்று அவ்வளவு நம்பிக்கை.

இதை என் பதினேழு வயது மகளிடம் சொன்னேன். "மத்தவங்களுக்குச் சரிம்மா. நான் இனிமே இப்படித்தான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ மட்டும்? ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா சுத்தணும், எல்லா ஃப்ரெண்ட்ஸையும் கூப்பிட்டு வெச்சுக்கணும்னு பெரிய லிஸ்ட்டே வெச்சிருக்கியே" என்றாள்.


லிஸ்ட் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அப்பா அழித்தவர்களைப் போன்ற ஆட்கள் அதில் எத்தனை பேர் என்று மகள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.