பழைய கமாண்டர் ஜீப்புக்கு வீட்டிலேயே தண்ணீர் பம்ப் மாற்றிய அனுபவம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், ஒரு பழைய ஜீப்பின் உடல்நிலையை அதன் வெப்பமானி முள்ளே சொல்லிவிடும். எங்கள் மஹிந்திரா கமாண்டரின் முள் எத்தனை பாரம் ஏற்றினாலும் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே போய் நின்றுவிடுவது வழக்கம். சென்ற கோடையில் அது பாதி மலை ஏறுவதற்குள்ளாகவே சிவப்புக் கோட்டை நெருங்கத் தொடங்கியது. போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கம் உள்ள பூப்பாறையில், எங்கள் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம், மறுநாள் காலையில் துருவின் நிறத்தில் ஒரு சிறிய ஈரத்திட்டும் தெரிந்தது.

என்ஜின் சூடாவதற்குக் காரணங்கள் பல உண்டு என்பதால், பம்ப்பின் மீது பழியைப் போடுவதற்கு முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து, குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது தண்ணீரில் தொடர்ச்சியான குமிழிகள் எழவில்லை. எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்போல வெளுத்திருக்கவும் இல்லை. ஆகவே ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு என்று முடிவு செய்தேன். ஹோஸ்களின் வாய்களில் கசிவு இல்லை. பிறகு என்ஜினை நிறுத்தி, ஃபேனின் எதிரெதிர் இறக்கைகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டியபோதுதான் விடை கிடைத்தது. ஃபேன் பொருத்தப்பட்டிருக்கும் பம்ப்பின் தண்டு வெளிப்படையாக ஆடியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுழற்றினால் பேரிங் மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது.

இந்த வகைப் பம்ப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால், பழுது எப்படி வருகிறது என்பது எளிதில் விளங்கும். ஒரே தண்டின் முன்முனையில், பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியும் ஃபேனும், பின்முனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் இருக்கின்றன. நடுவில் தண்டைத் தாங்கும் பேரிங்கும், தண்ணீர் அந்தப் பேரிங்குக்குள் புகாமல் தடுக்கும் சீலும் உள்ளன. சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே, பம்ப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய துளை விடப்பட்டிருக்கும். சீல் தேயத் தொடங்கினால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் இந்தத் துளை வழியாகச் சொட்டி, உரிமையாளருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எங்கள் பம்ப்பில் இந்தத் துளையை முன்பு யாரோ எம்-சீல் பசை வைத்து அடைத்திருந்தார்கள். சொட்டுவது நின்றால் பழுதும் நின்றுவிட்டது என்று எண்ணிச் செய்யப்படும் இந்த வேலை மிகவும் கெடுதலானது. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. சில நூறு ரூபாய் சீலோடு முடிந்திருக்க வேண்டிய பழுது, பேரிங்கையும் தண்டையும் தின்றுவிடுகிறது. பேரிங் முற்றிலும் உடைந்தால் ஃபேன் முன்னால் பாய்ந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

இந்த நிலையில் வண்டியைப் போடிக்கோ மூணாறுக்கோ ஓட்டிச் செல்வது சரியல்ல என்று பட்டதாலும், ஏலக்காய் எடுப்புத் தொடங்குவதற்கு முன் வண்டி தயாராக வேண்டியிருந்ததாலும், வேலையை வீட்டிலேயே செய்வதென்று தீர்மானித்தேன். இந்த என்ஜினில் பம்ப் வெளியே, கைக்கு எட்டும் இடத்தில், ஃபேன் பெல்ட்டால் மட்டுமே சுழலும்படி அமைந்திருப்பது பெரிய வசதி. டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் பம்ப் ஒளிந்திருக்கும் இன்றைய கார்கள் பலவற்றில் இதே வேலையை முற்றத்தில் செய்யத் துணிவு வேண்டும். இங்கே நல்ல ஸ்பானர்களும் பொறுமையும் போதும்.

பம்ப்பை வாங்கத் தேனிக்குப் பேருந்தில் போனேன். பழைய வண்டிகளுக்கு ஒரே பெயரில் பல வடிவப் பம்ப்புகள் விற்கப்படுவதால், வண்டியின் மாடலைச் சொல்லி வாங்குவதைவிட அளந்து வாங்குவதே நல்லது. என்ஜினோடு ஒட்டும் முகத்திலிருந்து புல்லி அமரும் வட்டு வரையிலான உயரத்தையும், ஃபேன் போல்ட்டுகளின் இடைவெளியையும் வண்டியிலேயே அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். இந்த உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரம் தேய்ந்து அறுந்துவிடும். கடைக்காரர் இரண்டு தரங்களை எடுத்து வைத்தார். ஒன்றில் இம்பெல்லர் தகட்டை வளைத்துச் செய்தது, மற்றதில் வார்ப்பு. மலையேறும் வண்டிக்கு, குறைந்த வேகத்திலும் தண்ணீரை நன்றாகத் தள்ளக்கூடிய ஆழமான வார்ப்பு இறக்கைகளே ஏற்றவை என்று கருதி, கூடுதல் விலை கொடுத்து அதையே எடுத்தேன். கையில் சுழற்றிப் பார்க்கும்போது புதிய பம்ப் சற்று இறுக்கமாகச் சுற்றுவது இயல்பே. அது சீலின் இறுக்கம். கரகரப்போ தட்டலோ இருந்தால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேஸ்கட் (பம்ப்புக்கும் என்ஜினுக்கும் இடையே வைக்கும் அடைப்புத் தாள்), பெல்ட், கீழ் ஹோஸ், கிளாம்ப்புகள், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), ரேடியேட்டர் மூடி ஆகியவற்றையும் சேர்த்தே வாங்கினேன். ஒருமுறை தண்ணீரை வடித்த பிறகு இவற்றை மாற்றுவதற்கு எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லை.

எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர், தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் இந்த மலையில் ஜீப் ஓட்டியவர். "தம்பி, போல்ட்டுல ஸ்பானரை வைக்கிறதுக்கு முன்னாடி டீசலை விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போடு. ஒடைஞ்ச போல்ட்டை எடுக்கிறதுதான் பெரிய வேலை, பம்ப் மாத்துறது வேலையே இல்ல" என்றார். "சரிண்ணே" என்று சொல்லி, அன்று மாலையே எல்லாப் போல்ட்டுகளின் மீதும் டீசலை விட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில், என்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கையில், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் அடித்திருகையும் என்ஜினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள திருகையும் திறந்து பழைய தண்ணீரை அகலமான சட்டிகளில் பிடித்தேன். இதில் சிலர் அலட்சியம் காட்டுகிறார்கள். என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. நாயோ கன்றோ அதைக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். எங்கள் முற்றத்தில் ஊற்றினால் அது சரிவில் ஓடி ஓடைக்கும், அங்கிருந்து பன்னியாற்றுக்கும் போய்ச் சேரும். ஆகவே ஒரு துளியும் மண்ணில் விழாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்தேன்.

ஃபேனின் போல்ட்டுகளை, பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டால் புல்லி கையோடு சுழன்று பிடி கொடுக்காது. அதன்பின் ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி, பெல்ட், ஃபேன், புல்லி என்ற வரிசையில் கழற்றினேன். கீழ் ஹோஸ் பல ஆண்டுகளாக இறுகிப்போயிருந்தது. எப்படியும் மாற்றப்போகிற ஹோஸைக் காப்பாற்ற நெம்பி, பொருத்தும் குழாயை நெளித்துவிடுவதில் பொருளில்லை என்பதால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்தேன். பம்ப்பின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானது குட்டையான துளையில் போனால் அடியில் முட்டி, இறுகியது போலக் காட்டி ஏமாற்றும், அல்லது பிளாக்கையே விரிசல் விடச் செய்யும். ஓர் அட்டையில் பம்ப்பின் உருவத்தை வரைந்து, துளைகள் உள்ள இடங்களில் அந்தந்தப் போல்ட்டைக் குத்தி வைத்தேன். அசைய மறுத்த ஒரு போல்ட்டை மேலும் முறுக்காமல், சிறிது தளர்த்துவதும் மீண்டும் சிறிது இறுக்குவதுமாக டீசலை உள்ளே இறங்கவிட்டபோது, அது முனகிக்கொண்டே முழுதாக வெளியே வந்தது. அடுத்த வீட்டு அண்ணன் சொன்னதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

பம்ப்பை மரச்சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித்தான் பிரித்தேன். இரு முகங்களுக்கு இடையே திருப்புளியைச் செருகி நெம்பினால் விழும் கீறல், பின்னர் எந்தக் கேஸ்கட்டாலும் மூடப்படாது.

இந்த வேலையில் மிகுந்த நேரத்தையும் கவனத்தையும் கேட்டது, பம்ப் ஒட்டும் பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்ததுதான். பம்ப் மாற்றிய சில வாரங்களில் மீண்டும் ஒழுகும் வண்டிகள் பலவற்றில் புதிய பம்ப்பின் மீது குற்றம் இருப்பதில்லை. பழைய கேஸ்கட்டின் ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு ஒட்டிக்கொண்டிருந்த காகிதம்தான் காரணமாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். பிளாக்கில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்து, குப்பை உள்ளே விழாதபடி பார்த்துக்கொண்டு, தட்டையான ஸ்கிராப்பரால் முதலில் சுரண்டி, பின்னர் மரத்துண்டில் சுற்றிய நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். விரலின் நுனியை முகம் முழுவதும் ஓட்டிப் பார்த்து எங்கும் தடங்கல் இல்லை என்று தெரிந்த பிறகே நிறுத்தினேன். போல்ட் துளைகளின் மரைகளிலிருந்த துருவையும் எடுத்துச் சுத்தப்படுத்தினேன்.

கேஸ்கட்டின் இரு பக்கமும் கசிவை அடைக்கும் பசையான அனபாண்டை மெல்லிய படலமாக மட்டுமே தடவினேன். தாராளமாகப் பூசினால் நன்றாக அடைபடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிதுங்கி உள்ளே செல்லும் பசை பின்னர் துணுக்குகளாக உதிர்ந்து ரேடியேட்டரின் நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கினேன். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவே போதுமானது. நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பானரால் வீட்டில் இறுக்குகிறவர்கள் இதைவிட இரு மடங்கை எளிதாகத் தாண்டிவிடுவார்கள்.

ஃபேனை மீண்டும் பொருத்துவதற்கு முன், பழைய பம்ப் ஏன் இவ்வளவு விரைவில் தேய்ந்தது என்ற கேள்விக்கும் விடை தேடினேன். ஃபேனைச் சமதரையில் கவிழ்த்து வைத்து, ஒவ்வோர் இறக்கையின் நுனிக்கும் தரைக்கும் இடையிலான தூரத்தை அளந்தபோது, ஓர் இறக்கை மட்டும் வளைந்திருந்தது தெரிந்தது. இப்படிச் சமநிலை இழந்த ஃபேன் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் தண்டை ஒரு பக்கமாக இழுத்துப் பேரிங்கை அடிக்கிறது. அதை நிமிர்த்தி ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. நிமிர்த்திய இடத்தில் உலோகம் களைத்து, பிறகு ஒரு நாள் முறிந்து பறக்கக்கூடும். வேறு ஃபேன் ஒன்றைப் போடியிலிருந்து வரவழைத்துப் போட்டேன்.

பெல்ட்டின் இறுக்கமும் இதே அளவு முக்கியமானது. நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். கீச்சிடும் ஒலி வரக் கூடாது என்பதற்காக அதை வில்நாண் போல இறுக்குவது, புதிய பேரிங்கை முதல் நாளிலிருந்தே வதைப்பதாகும்.

பிளாக்கிலிருந்து வடிந்த பழைய தண்ணீர் செங்கல் கரைத்தது போல இருந்தது. எங்கள் மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்புப் படியாது என்பதால் அதையே ரேடியேட்டரில் ஊற்றுவது இங்கே பலரின் வழக்கம். உப்புப் படியாவிட்டாலும் வெறும் தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. அந்தத் துருத்தூள் சீலின் வழவழப்பான முகத்தை அராவுகிறது. ஆகவே பிளாக்கையும் ரேடியேட்டரையும் தெளிந்த நீர் வரும் வரை அலசிவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவில் கலந்து ஊற்றினேன்.

மலைப்பகுதிக்கு இதில் இன்னொரு நியாயமும் உண்டு. 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் போடிமெட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல், ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்து 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால், கொதிநிலை 115 டிகிரிக்கு மேலே போய்விடும். கூலண்ட் அதை இன்னும் சில டிகிரி உயர்த்தும். எங்கள் பழைய மூடியின் ரப்பர் வெடித்து, அழுத்தம் பிடிக்காமல் இருந்தது. முள் அவ்வளவு விரைவில் சிவப்புக்கு ஏறியதில் பம்ப்புக்கு இருந்த பங்கு போலவே, மலிவான இந்த மூடிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

காற்று அடைத்துக்கொண்டிருந்தால் புதிய பம்ப்பாலும் தண்ணீரைத் தள்ள முடியாது என்பதால், வண்டியின் முகம் மேட்டை நோக்கும்படி சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்தபடி என்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டேன். மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தி அழுத்தி விட்டபோது குமிழிகள் வெளியேறின. தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சட்டென்று சூடானதும் மட்டம் இறங்கியது, நிரப்பி மூடினேன். பிறகு முந்தல் வரை இறங்கி, முழுப் பாரத்தோடு திரும்பி ஏறினோம். போடிமெட்டுச் சோதனைச் சாவடியை அடையும்வரை முள் தன் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, குளிர்ந்த என்ஜினில் போல்ட்டுகளின் இறுக்கத்தையும், புதிய பெல்ட் நெகிழ்ந்திருந்த அளவையும் மீண்டும் சரிபார்த்தேன். பம்ப்பின் அடித்துளையில் ஒரு வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்ப்பதை எண்ணெய் மட்டம் பார்ப்பதோடு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை அது உலர்ந்தே வருகிறது. பழைய பம்ப்பின் உடலிலும் வார்ப்பு இம்பெல்லரிலும் விரிசல் இல்லாததால் அதை எறியவில்லை. தண்டோடு கூடிய பேரிங்கும் சீலும் தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கித் தேனியில் ஒரு லேத் பட்டறையில் அழுத்தி ஏற்றித் தரும்படி கொடுத்திருக்கிறேன். அந்த அடித்துளையில் எதையும் வைத்து அடைக்க வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் குறிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.