லோடரில் ஆயில் ஒழுகினால்

பழைய டிராக்டரில் பூட்டிய, மண் அள்ளும் லோடர் பட்டறைக்கு வந்தால், எஞ்சினை அணைப்பதற்கு முன்பே ஓனர் சொல்லிவிடுவார்: "சீல் போச்சுங்க, மாத்திக் குடுத்துடுங்க." ஆயில் கசியாமல் அடைக்கும் வளையமான சீல், பெரும்பாலும் போயிருப்பதும் உண்மைதான். அது ஏன் போனது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலைக்குக் கூலி கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

முதலில் கழுவ வேண்டும். செங்கல் சூளையில் ஓடும் வண்டி என்றால் ஆயிலும் செம்மண்ணும் சேர்ந்து விரற்கடை தடிமனுக்கு அப்பியிருக்கும். ஒழுகும் ஆயில் பைப்போடு இறங்கி, கிளாம்பில் தேங்கி, கடைசியில் சம்பந்தமில்லாத ஒரு போல்ட் முனையில் சொட்டும். அந்த இடத்தைப் பார்த்து ஸ்பேனரை எடுத்தால் பொழுதுதான் வீண். டீசல் ஊற்றிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சந்தேகமான ஜாயிண்டுகளில் முகப்பவுடர் தூவுவேன். அப்புறம் பூமை, அதாவது பக்கெட்டைத் தூக்கும் கையை, ஏற்றி இறக்கினால், பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் லீக். பட்டறையில் பவுடர் டப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் போகும் ஓஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே 150 பார் அளவுக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு, அழுத்தம் இருக்கும். ஊசி முனை அளவு ஓட்டையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டினால் போதும், லீக் அதில் தெரிந்துவிடும். எதைக் கழற்றுவதானாலும் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகுதான்.

ஒரு சூளைக்காரரின் வண்டியில் பூமைத் தூக்கும் இடது சிலிண்டர் மட்டும் ஓயாமல் ஒழுகியது. வேறு இடங்களில் சீலை மாற்றி மாற்றி அலுத்துப்போய் வந்திருந்தார்.

"தம்பி, இந்த வாட்டி நல்ல சீலாப் பாத்துப் போடு."

"சீல் மேல தப்பில்லீங்கண்ணா. மொதல்ல ராடைப் பாக்கலாம்."

சிலிண்டரிலிருந்து நீண்டு சுருங்கும் ராடை முழுதாக நீட்டி, துடைத்து, நகத்தை வைத்து இழுத்தேன். ஓரிடத்தில் நகம் மாட்டியது. குரோம் உரிந்து நீளவாக்கில் கோடு விழுந்திருந்தது, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். தூசி கீறியிருந்தால் சுற்றிலும்தான் இருக்க வேண்டும். ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசுகிறது என்று அர்த்தம். பூமின் அடியில் கடப்பாரை போட்டு நெம்பினால், பூம் மாட்டியிருக்கும் பின் ஆணி நன்றாகவே ஆடியது. கிரீஸ் நிப்பிள் மண்ணடைத்து, ஆணியைச் சுற்றியிருக்கும் புஷ் கிரீஸைக் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ! புஷ் தேய்ந்து பூம் சாய, ராடு, சிலிண்டர் வாயில் இருக்கும் கிளாண்டில் உரசி, போட்ட சீலையெல்லாம் தின்றிருக்கிறது. லேத்தில் புது புஷ் கடைந்து, ராடுக்கு ஹார்டு குரோம் ஏற்றி, கடைசியில்தான் சீல் கிட் போட்டோம். சீலின் வாய் ஆயில் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பழையது இருந்தபடியே மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, முன்பு மாட்டியவர் திருப்பிப் போட்டிருக்கலாம்.

ஒழுகல் நின்றது. ஆனால் மண்ணோடு தூக்கி நிறுத்தினால் பூம் மெல்ல இறங்கியது. "பிஸ்டன் சீலும் போச்சு" என்றார் சூளைக்காரர், சிலிண்டருக்குள் ராடு முனையில் இருக்கும் பிஸ்டனின் சீலை. பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பாரம் ராடை உள்ளே தள்ளும்போது, ராடு அடைக்கும் இடத்துக்கு ஈடான ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறியாக வேண்டும். சிலிண்டருக்கு ஆயில் வந்து போகும் இரண்டு வழியும் இறுக்கமாக அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீல் கசிந்தால்கூடப் பூம் அப்படி இறங்க முடியாது. வெளியே சொட்டும் இல்லை. அப்படியானால் ஆயில் போகிற வழி, லீவர் அசைத்தால் ஆயிலைத் திருப்பிவிடும் கண்ட்ரோல் வால்வுதான்.

வால்வைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நகரும் உருளையான ஸ்பூலில் தேய்மானம் தெரிந்தது. ஸ்பூலும் அதன் உடம்பும் ஒன்றுக்கொன்று ஜோடியாகத் தேய்த்துச் செய்யப்படுபவை. ஸ்பூலை மட்டும் வாங்கி நுழைத்தால் சரிவராது, வால்வையே மாற்ற வேண்டும். புஷ்ஷுக்கும் குரோமுக்கும் பில் கொடுத்த கையோடு இதை எப்படிச் சொல்வது? டீ வரட்டும் என்று காத்திருந்தேன்.