நாலு ராத்திரி, பதினோரு சாக்கு

கோவை கணபதி பக்கம் எனக்கு ஒரு சின்ன பேப்ரிகேஷன் பட்டறை. கேட், கிரில், ஷெட்டுக்குக் கூரை தாங்கும் இரும்புச் சட்டம் என்று ஓடுகிற பிழைப்பு. பூட்டு மாட்டத் தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பூட்டை வெட்ட என்று யாரும் கூப்பிட்டதில்லை, அந்த நடைபாலம் வரும்வரை.

எந்தப் பாலம், யார் கொடுத்த ஆர்டர் என்பதெல்லாம் வேண்டாம். தண்ணீருக்கு மேலே ஆட்கள் நடக்கிற பாலம். ஜோடியாக வருகிறவர்கள் பூட்டில் பேர் எழுதி, கைப்பிடிக்குக் கீழே இருக்கும் கம்பி வலையில் மாட்டி, சாவியைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் போவார்கள்.

பார்க்கப் போன அன்று போல்ட் கட்டரால் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். பத்து நொடிகூட ஆகவில்லை. இரண்டு ராத்திரி வேலை என்று கணக்குப் போட்டு ரேட் சொல்லிவிட்டேன். அங்கேதான் சறுக்கினேன். வலையில் இடம் தீர்ந்ததும் ஜனங்கள் பூட்டிலேயே பூட்டை மாட்டியிருந்தார்கள், நுங்குக் குலை மாதிரி. கட்டரின் வாய் உள்ளே நுழையவில்லை. சிலது ஷட்டருக்குப் போடுகிற கெட்டியான வளையம். அதைக் கடித்துக் கட்டருக்கே பல் போனது. கிரைண்டர் எடுக்கலாம் என்றால் பொறி பட்டு வலையின் துத்தநாகப் பூச்சு கருகிவிடும்.

இத்தனைக்கும் பாலம் முழுக்கப் பூட்டு இல்லை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் நடுப்பகுதியில், ஆறே ஆறு தடுப்புகளில்தான் கூட்டம். மேல் பைப் வளைந்து, வலையை பைப்போடு பிடித்திருந்த வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றாக விட்டிருந்தன. கைப்பிடி என்பது ஆள் சாய்ந்தால் தாங்கத்தான் கணக்குப் பண்ணுவது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சுமை தொங்குவதற்கு இல்லை. ஆனால் என் கண்ணுக்குப் பெரிய எதிரி எடை இல்லை, துரு. காற்றிலும் கை பட்டும் பூட்டு ஆடும். ஆடி ஆடிப் பூச்சைத் தேய்க்கும். தேய்ந்த இடத்தில் மழைத் தண்ணீர் தங்கும். பித்தளைப் பூட்டாக இருந்தால் இன்னும் மோசம், ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் துத்தநாகம்தான் முதலில் போகும். கொத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே கம்பி பென்சில் முனையாகியிருந்தது.

முதல் இரண்டு ராத்திரியில் பாதிகூட முடியவில்லை. வேறு ஊர்களில் என்ன செய்தார்கள் என்று போனில் தேடினேன். பாரிஸில், சென் நதிமேல் பான் தேஸ் ஆர் என்ற நடைபாலத்தில் 2014 ஜூனில் தடுப்பின் ஒரு பகுதி பூட்டுகளோடு சரிந்திருக்கிறது. அடுத்த வருஷம் சுமார் 45 டன் பூட்டை அகற்றியிருக்கிறார்கள், தடுப்புகளை முழுசாகத் தூக்கி லாரியில் ஏற்றி. பிறகு அங்கே கண்ணாடி வைத்துவிட்டார்கள், கொக்கி மாட்ட வழியே கிடையாது. சரி, நாமும் அப்படியே செய்வோம் என்று போல்ட்டைக் கழற்றி, தற்காலிகமாகக் கம்பி கட்டி, தடுப்புகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். கணக்கு தப்பியது என் தப்பு. கூடுதல் இரண்டு ராத்திரிக்குக் காசு கேட்கவும் வாய் வரவில்லை.

என்னோடு இருபது வருஷமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சத்தியமங்கலம் பக்கத்து ஆள். முதல் ராத்திரியிலிருந்தே அவருக்கு மனசு ஒப்பவில்லை. "ஏனுங்க தம்பி, கோயில் மரத்துல கட்டுன தொட்டிலை யாராச்சும் அவுப்பாங்களா?" என்றார். "இது காதல் சமாச்சாரமுங்கண்ணா" என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பூட்டை டார்ச்சில் காட்டினார். மார்க்கரில் குண்டு குண்டாக எழுத்து: அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடியணும். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதை வெட்டினார்.

பழைய இரும்புக் கடையில் பதினோரு சாக்கு, 400 கிலோவைத் தாண்டியது. கடைக்காரர் காந்தம் வைத்துப் பார்த்தார். பித்தளை மாதிரி மினுங்கியதில் பாதிக்குமேல் ஒட்டிக்கொண்டது, உள்ளே வெறும் இரும்பு. இதோ பக்கத்தில் திண்டுக்கல், 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. காலத்துக்கும் பூட்டிவைக்க வந்தவர்கள் ஒருத்தரும் அதை வாங்கவில்லை. எறியப் போகிற சாவிக்கு எதற்குச் செலவு என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இரண்டாவது ராத்திரி, ஒரு மணி இருக்கும். பையன் ஒருவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தான். ஓரத்துத் தடுப்பில் நேராக ஒரு பூட்டிடம் போய், பாக்கெட்டிலிருந்து சாவி எடுத்துத் திறந்தான். "சாவியைத் தண்ணியில போடலீங்களா?" என்றார் அண்ணன். "ஒண்ணு போட்டமுங்க. பூட்டு வாங்குனா ரெண்டு சாவி தருவாங்கல்லங்க." பூட்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சாவியோடு அண்ணன் கையில் கொடுத்தான். "நல்ல பூட்டுங்கண்ணா. வெச்சுக்குங்க."

கல்யாணம் ஆயிற்றா, முறிந்ததா, கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பூட்டு இப்போது அண்ணன் ஊரில் ஆட்டுப்பட்டிக் கதவில் தொங்குகிறது. போன மாசம் போனபோது பார்த்தேன். எழுத்து பாதி அழிந்துவிட்டது. நன்றாகத்தான் பூட்டுகிறது, எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார்.