கேள்விகளையும் அவர்களே எழுதினார்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டங்கள் சூழ்ந்த கிராமம் எங்களுடையது. மாதர் சங்கத்தின் மூலம் நடந்த நீரிழிவு விழிப்புணர்வுத் திட்டத்தை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. நிதி கொடுத்தவர்கள் அச்சடித்த வினாக்கொத்து ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதைக் கொண்டு கேட்டால் எல்லோரும் “நல்ல திட்டம்” என்றே சொன்னார்கள். இலவசமாகக் குருதியில் சீனி அளவு பார்த்துவிட்டவர்களைக் குறை சொல்ல எங்கள் சனங்களுக்கு மனம் வராது.

ஆகவே சனசமூக நிலையத்தில் எல்லோரையும் கூட்டி, “திட்டம் பலன் தந்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். அவர்கள் எழுதிய கேள்விகள் வேறாக இருந்தன. கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் மாதம் தவறாமல் போகிறார்களா? வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டுக்கு மாறியதா, அல்லது வருத்தக்காரருக்கு மட்டும் தனிச் சமையலா? ஆண்கள் ஏன் வருவதில்லை?

சீமெந்துத் தரையில் ஊரின் ஒழுங்கைகளைச் சோக்கால் வரைந்து, ஒருவருமே பரிசோதனைக்கு வராத வீடுகளுக்குப் புளியங்கொட்டை வைத்தார்கள். கூலித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஒழுங்கையில் கொட்டைகள் குவிந்தன. வெறுவயிற்றுப் பரிசோதனைக்குக் குறைந்தது 8 மணிநேரம் சாப்பிடாமல் இருக்கவேண்டும். விடியற்காலையில் தோட்டத்தில் இறங்குகிறவர் பட்டினியோடு வரிசையில் நிற்க முடியாது. “அக்கறை இல்லாமல் இல்லை, பிள்ளை. அன்றைய கூலி போய்விடும்” என்றார் ஓர் அக்கா. வந்தவர்களிடம் மட்டுமே கேட்கும் வினாக்கொத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அடுத்து, ஒவ்வொருவரும் தன் வீட்டில் நடந்த பெரிய மாற்றத்தைச் சொல்ல, எது முக்கியமானது என்று கூட்டம் தெரிவு செய்தது. 1990களில் மதிப்பீட்டு ஆய்வாளர் ரிக் டேவிஸ் பங்களாதேஷில் உருவாக்கிய முறை இது. தெரிவுக்கான வாக்குவாதத்தில்தான் உண்மை வெளிவருகிறது. ஒருவர், “சீனியை விட்டுப் பனங்கட்டிக்கு மாறிவிட்டேன்” என்று பெருமையோடு சொன்னார். பலர் தலையசைத்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, பனங்கட்டியும் குருதியில் சீனியைக் கூட்டும் என்று கிளினிக்கில் தனக்குச் சொன்னதாகக் கூறினார். இத்தனை வகுப்புகளுக்குப் பிறகும் அந்த ஒரு செய்தி ஊருக்குள் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

யாருடைய அளவும் கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் தாயின் சீனி அளவு ஊர்ப் பேச்சாகிவிடக் கூடாது. குடும்பநல உத்தியோகத்தரை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனாலும் திட்டத்துக்குப் புள்ளியிடும் நேரத்தில் அவரை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர் முகம் கோணாமல் எழுந்து போனார்.

முடிவுகளைப் பெண்களே சுகாதாரப் பணிமனையினர் முன் வாசித்தார்கள். தோட்ட ஒழுங்கைக்கு மாலை நேரத்தில் வந்து, வெறுவயிறு தேவைப்படாத பரிசோதனையை முதலில் செய்ய இணக்கம் கிடைத்தது. அளவு கூடியவர்கள் மட்டும் பிறகு காலையில் வந்தால் போதும். பனங்கட்டி பற்றிய வகுப்பை அந்தத் தாயே நடத்துவதென்று முடிவாகியிருக்கிறது.