தம்பியின் மோகனம்

தம்பிக்குப் பத்து வயதிருக்கும்போது அவன் படித்த சிறப்புப் பள்ளியில் ஆண்டு விழா. பிள்ளைகள் எல்லாரும் பாட்டுக்குத் தாளம் போட வேண்டும். அவன் கையில் ஜால்ராவைக் கொடுத்து, பின்னாலிருந்து ஓர் ஆயா அவன் மணிக்கட்டுகளைப் பிடித்து ஆட்டினார். கூட்டம் கைதட்டியது. அம்மா அழுதாள். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன்னைக் கேட்காமல் ஆடுகிற தன் கையை அவன் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

இப்போது அவனுக்கு 26. பெருமூளை வாதம், கூடவே அறிவுசார் குறைபாடு. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். பேச்சில் நாலைந்து வார்த்தைதான், அதில் ‘க்கா’ ஒன்று. நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் வீட்டில் காலையும் மாலையும் பாட்டுதான். எந்தப் பாட்டு எங்கே முடியும் என்று அவனுக்கு அத்துப்படி; முடிகிற இடம் வருவதற்கு முன்பே தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவான். இவ்வளவு கேட்கிறவனுக்கு வாசிக்க ஒன்றும் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், குச்சியால் தட்டி வாசிக்கிற பழைய சைலஃபோன் ஒன்று கிடைத்தது. மரத்தாலான 13 பட்டைகள், ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃபுக்காக மியூனிக்கில் கார்ல் மேண்ட்லர் 1920களின் கடைசியில் செய்யத் தொடங்கிய வகை அது.

முதலில் குச்சி. மெல்லிய குச்சி அவன் கையில் நிற்காது. வீட்டில் கிடந்த சைக்கிளின் கைப்பிடி ரப்பரை உருவி அதில் குச்சியைச் செருகினேன். உள்ளே லொடலொடவென்று ஆடியது. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி இறுக்கினேன். நழுவாமலிருக்கப் புறங்கையின் மேல் ஒரு வெல்க்ரோ பட்டி. அப்படியும் அடி பக்கத்துப் பட்டையில்தான் விழுந்தது. குச்சி நீளமாக இருந்தால் கையின் சின்ன நடுக்கம்கூட நுனியில் பெரிதாகிவிடுகிறது. பாதியாக வெட்டியதும் சரியானது.

அப்புறம் பட்டைகள். மேற்கத்திய முறையில் எஃப், பி என்கிற ஸ்வரங்களின் பட்டைகளைக் கழற்றினேன். மிஞ்சியது ச ரி க ப த, அதாவது மோகன ராகம். ஆனால் சட்ஜம் (ச) 1 கட்டை சுருதியில், அதாவது சியில் நின்றது, நான் பாடுவதோ 5 கட்டை, அதாவது ஜி. இரண்டு நாள் முழித்தேன். பிறகுதான் உறைத்தது: சியையும் எஃபையும் கழற்றினால் ஜி சட்ஜமாகிவிடும், அதே மோகனம் என் சுருதிக்கே வந்துவிடும். சியும் எஃபும் இரண்டிரண்டு; 13-ல் 4 போக 9 பட்டை. கழற்றிய இடங்களில் இடைவெளி விழுந்ததால் குறி வைப்பதும் அவனுக்குச் சுலபமானது. கை எங்கே விழுந்தாலும் ராகத்துக்குள்தான் விழும்.

கை இறுகிப்போகிற நாட்களுக்கு ஏயூஎம்ஐ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்க அக்கார்டியன் கலைஞர் பாலின் ஒலிவெரோஸ், தொழில்வழிச் சிகிச்சையாளர் லீஃப் மில்லரோடு சேர்ந்து 2000களின் பிற்பாதியில் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் தொடங்கியது. கேமரா முகத்தைப் பார்க்கும். திரையில் முகத்தின் மேல் ஒரு புள்ளியை வைத்துவிட்டால் தலை அசைகிறபடி புள்ளியும் நகரும். எந்தக் கட்டத்துக்குள் நுழைகிறதோ அதற்குரிய ஒலி எழும். தம்பியின் உடம்பில் அவன் சொன்னபடி கேட்பது தலைதான். சாயங்கால வெளிச்சத்தில் மட்டும் புள்ளி வழுக்கியது. ஒருமுறை, பின்னால் குனிந்த அம்மாவின் குங்குமத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள், அம்மா அவனுக்குப் பூசிவிடுகிற விபூதியின் நடுவே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்தேன். வெள்ளையும் கறுப்பும் சேர்கிற இடத்தில் புள்ளி பிடித்துக்கொண்டது.

ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் பாட்டும் ஓடுகிற பொம்மைகளை இவர்களுக்கென்று வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் அந்த ஆயாவின் கைதான் ஞாபகம் வரும்.

நான் பழக வேண்டியிருந்தது காத்திருக்கத்தான். அவன் நினைத்து, கை போய்ச் சேர ஐந்து நொடி ஆகும், சில நாள் இன்னும் கூட. நானோ தாளக்கட்டில் வளர்ந்தவள். அவன் கை பாதி தூரம் வந்திருக்கும், அதற்குள் அடுத்த வரியைப் பாடியிருப்பேன். கை அப்படியே மடிக்குத் திரும்பிவிடும். எத்தனை தடவை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் வலிக்கிறது. சரி, தாளமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆலாபனையாகவே பாடுகிறேன். ராகத்தில் ஒரு சின்னத் துண்டு பாடி நிறுத்துவேன். அவன் அடிக்கும்வரை வாய் திறப்பதில்லை.

போன மாதம் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: “எதை அடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்னா, அண்ணனுக்கு எது பிடிக்கும்னு எப்படி டீச்சர் தெரியும்?” அந்தக் கேள்வி என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. தப்பு வராமலிருக்க நான் கழற்றி எடுத்ததில் அவனுடைய இஷ்டமும் கொஞ்சம் போயிருக்குமோ?

காலையில் காந்தாரத்துக்கும் (க) பஞ்சமத்துக்கும் (ப) நடுவே சி பட்டையைத் திரும்ப மாட்டினேன். மத்யமம் (ம), மோகனத்தில் இல்லாத ஸ்வரம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மோகனம் பாடி, காந்தாரத்தில் நிறுத்தினேன். குச்சி மெல்ல வந்து அந்தப் புதுப் பட்டையில் விழுந்தது. அவன் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அசையவில்லை. மறுபடி அங்கேயே அடித்தான். மூன்றாவது முறை அடித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான், “க்கா” என்றான்.

அந்த மத்யமத்தைப் பிடித்துக்கொண்டு பாடினேன். மோகனத்தில் உட்கார்ந்தவர்கள், அம்மா இட்லிக்குக் கூப்பிடும்போது, மத்யமமும் உள்ள காம்போதி ராகத்தில் இருந்தோம்.